வில்லங்கச் சான்று

முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தாயிற்று.
வில்லங்கம் ஏதுமில்லை என்று
முத்திரையோடு வந்தது தாள்.
அடமானம் இல்லை, வழக்கு இல்லை, பங்காளி இல்லை.
மழைக்கு அதில் கட்டமே இல்லை.

குன்னூர் ஓட்டுப்பட்டறையில்
ரோட்டிலிருந்து அறுபத்து நாலு படி இறங்கினால்
என் வீடு.
வார்டு வார்டாக முப்பத்தொரு வருஷம்
பிறர் கட்டிலைச் சுற்றித் தேய்ந்த முட்டியை
இனிச் சமதரையில் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.
மலையில் ஏது சமதரை?

புரோக்கர் மாதப்பன்
ஹாலைப் பார்த்தார், கிணறு இல்லாததைப் பார்த்தார்,
பின்னறைச் சுவர் முன்னால் நின்றுவிட்டார்.
"தலைமுடி அகலம்தான் சிஸ்டர்.
இந்தப் பீரோவைக் கொஞ்சம் நகர்த்திடுங்க."

கீறலின் குறுக்கே நாலு கண்ணாடித் துண்டு
ஒட்டி வைத்திருந்தேன்.
ரத்தம் பார்க்கிற ஸ்லைடு,
கால் ஒடிந்தால் போடுகிற மாவு,
ஒவ்வொன்றிலும் ஒட்டிய தேதி.
சுவர் அசைந்தால் கண்ணாடி சொல்லும்.
முதலிரண்டும் ஒரே ஐப்பசியில் சொன்னது.
வீட்டுக்கு மேலே கால்வாய் வெட்டிவிட்ட பிறகு
மற்ற இரண்டும் வாய் திறக்கவில்லை.

பீரோவை நகர்த்தினேன்.
யாரும் என் கையைப் பிடித்து நகர்த்தவில்லை.

திருப்பூர்க்காரர் வந்தார்.
முற்றத்தில் நின்று மூடுபனியைப் படமெடுத்தார்,
கேம்ப்ஃபயர் எங்கே போடலாம் என்று அளந்தார்,
முப்பத்தெட்டு என்றதற்குத் தலையாட்டினார்.
அந்த வாரமே மேல் ரோடு சரிந்தது.
பிறகு அவர் போனை எடுக்கவேயில்லை.

கொட்டுகிற மழையில் வந்தவன் நிஜாமுதீன்.
பெட்ஃபோர்டில் வர்க்கி அடுப்பு வேலை.
கூடவே மனைவி ரம்ஜத்,
குடையை மடக்காமலே கேட்டாள்:
"பாதி ஜன்னலை மறைச்சு யாராவது பீரோ வைப்பாங்களா?"

நான் பதில் யோசிப்பதற்குள்
அவள் கை பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.
ஸ்லைடில் விரல் பட்டது.
வெளியே எடுத்த விரலில்
வெள்ளை மாவு.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன்,
கேட்காததையும்.
விலை ஏழு லட்சம் இறங்கியது.
அதில் சுவருக்கு எவ்வளவு,
என் வெட்கத்துக்கு எவ்வளவு என்று
பிரித்துக் கேட்கத் துணியவில்லை.

பத்திர ஆபீசில் கட்டைவிரல் வைத்தோம்.
நான்கெல்லையும் படித்தார்கள்:
வடக்கே தேவசகாயம் மனை,
தெற்கே பொதுப்படி,
கிழக்கே ஓடை, மேற்கே சரிவு.
சாவியோடு சேர்த்துக் கொடுத்தவை
பத்திரத்தில் இல்லை.
மிச்சமிருந்த ஸ்லைடு ஒரு டப்பா,
அரைப் பொட்டலம் மாவு,
குட்டைப் பிடி மண்வெட்டி.

இப்போது மேட்டுப்பாளையத்தில் வாடகைக்கு.
ஒரே ஒரு வாசற்படி.
முட்டிக்கு நல்ல காலம்.
கார்த்திகை பிறந்ததிலிருந்து
ராத்திரி எழுந்து மலைப்பக்கம் பார்க்கிறேன்,
கறுப்பின் மேல் கறுப்பாக இருந்தால்
போன் போடுகிறேன்.
மூன்று மணிக்கு அடுப்புக்குக் கிளம்புகிறவன்,
விழித்துத்தான் இருப்பான்.

"கண்ணாடி இருக்கு சிஸ்டர். நேத்துதான் பார்த்தேன்."

வைக்காதே என்றேன்.
போனோடு பின்வாசலைத் திற.

திறந்தான்.
தகரத்தில் விழுகிற மழை,
தண்ணீர்த் தொட்டி மூடியில் விழுகிற மழை,
பேரி மரத்தில் விழுந்து யோசித்து விழுகிற மழை.
இத்தனைக்கும் அடியில்
தொண்டை கொப்பளிக்கிற மாதிரி ஒன்று கேட்கவேண்டும்.
கேட்கவில்லை.

"மேல் வளைவில் அடைச்சிருக்கு.
பேரி இலையாத்தான் இருக்கும்.
மண்வெட்டி எங்கே வச்சிருக்கே?"

செருப்புச் சத்தம்.
ரம்ஜத் ஏதோ திட்டுவது.
கல்லில் இரும்பு, ஒருமுறை, இன்னொருமுறை.
பிறகு வந்தது,
இருபத்தாறு வருஷம் என் தூக்கத்துக்குக் கீழே
ஓடிய தண்ணீர்.

வர்க்கிக்கு நேரமாச்சென்று வைத்துவிட்டான்.
காதிலிருந்து போனை எடுக்காமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
இங்கே ஒரு தூறல்கூட இல்லை.